சித்தம் தடுமாறும் வேளை

கொழும்பு மாநகரில் புதுக்கடை என்றவுடன் தமிழ் மக்களின் நினைவுக்கு முதலில் வருவன நீதிமன்றங்களே. 1656ஆம் ஆண்டு, கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்ற நடந்த முற்றுகையில் உயிரிழந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்வ்ற் என்பவரின் பெயரை ஆங்கிலம் இன்றும் அவ்விடத்துக்கு வழங்கி வருகின்றது. தமிழருக்கோ அது புதுக்கடை. கறுப்பு அங்கி அணிந்த சட்டத்தரணிகளும், வழக்கேடுகளைச் சுமந்து செல்லும் எழுதுவினைஞர்களும், நெடுநேரம் காத்திருக்கும் வழக்காளிகளும் நிறைந்த அந்த இடத்தில் பன்முறை எழும் வினா ஒன்று உண்டு. ஓர் உறுதியில் கையொப்பமிட்டவர், இட்ட வேளையில் தன்னறிவோடு இருந்தாரா என்பதே அவ்வினா. அதே வினா, மகரகமவிலுள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை போன்ற ஓரிடத்தில், நோயாளியின் கட்டிலருகே, இரவு நேரத்தில், எவ்வித ஆரவாரமுமின்றி எழுவதுண்டு.

ஓர் உதாரணம் கொள்வோம். புதுக்கடை நீதிமன்றமொன்றில் முப்பது ஆண்டுகள் எழுதுவினைஞராகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற கொட்டாஞ்சேனை முதியவர் ஒருவர். அவருக்குப் பெருங்குடலிற் புற்றுநோய். சத்திர சிகிச்சை நன்கு நிறைவேறியது. ஆயினும் பின்னர் கிருமித்தொற்று ஏற்பட, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்டார். மூன்றாம் நாள் இரவு அவர் நிலை மாறியது. இருதயத் துடிப்பைக் காட்டும் கருவியின் ஒலி அவருக்கு நீதிமன்ற மணியாகக் கேட்டது. “வழக்கைக் கூப்பிடுங்கள், துரை வந்துவிட்டார்” என்று உரத்துச் சொன்னார். கையிற் செலுத்தியிருந்த ஊசியைப் பிடுங்க முயன்றார். மகளைப் பார்த்து, “நீர் எந்தப் பகுதிச் சாட்சி?” என்று கேட்டார்.

மறுநாள் உறவினர் கூடினர். மருந்து தலைக்கேறிவிட்டது என்றார் ஒருவர். கண்ணூறு என்றார் இன்னொருவர். இனி எல்லாம் முடிந்துவிட்டது, வீட்டு உறுதியை இன்றைக்கே எழுதுவித்துவிட வேண்டும், புதுக்கடையிலிருந்து நொத்தாரிசை அழைத்து வாருங்கள் என்றார் மற்றொருவர். இம்மூவர் கூற்றும் ஆராயத்தக்கவை. முதியவருக்கு நேர்ந்தது யாது? அதனைத் தீர்க்க முடியுமா? அந்நிலையில் அவர் இடும் கையொப்பத்துக்கு மதிப்பு உண்டா? இவற்றை அறிந்திருத்தல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன் தரும்.

முதியவரின் நிலைக்குப் பழைய தமிழ்ப் பெயர் சன்னி. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் ஒருங்கே கெடுதலால் விளைவது என்று வைத்திய நூல்கள் அதனைக் கூறின. சுரத்தின் உச்சத்தில் நோயாளி பிதற்றுதலும், இல்லாதவற்றைக் காணுதலும், படுக்கை விரிப்பைக் கைகளாற் பிறாண்டுதலும் நம் முன்னோர் கண்டறிந்தவையே. தென்னிலங்கைச் சிங்களக் கிராமங்களில், முகமூடி அணிந்து பதினெட்டுச் சன்னிகளையும் ஆடி விரட்டும் சடங்கு ஒன்று இருந்து வந்தது. பெயர் இரு இனத்தாருக்கும் பொதுவாக இருந்தது போலவே அச்சமும் பொதுவாக இருந்தது.

மேனாட்டு மருத்துவர் இதனை டெலிரியம் என்பர். அது இலத்தீன் மொழியிற் பிறந்த சொல். உழுகின்ற ஏர் தன் சாலை விட்டு விலகுதல் என்பது அதன் வேர்ப்பொருள். உழவனையும் ஏரையும் அறிந்த தமிழருக்கு இதனினும் தெளிவான விளக்கம் தேவையில்லை. மாடும் இருக்கின்றது, ஏரும் இருக்கின்றது, நிலமும் இருக்கின்றது. கொழு மட்டும் சாலில் நிற்கவில்லை. நோயாளியின் அறிவு அழிந்துவிடவில்லை. அது தன் தடத்தை விட்டு விலகியிருக்கின்றது.

1959ஆம் ஆண்டில் ஜோர்ஜ் எங்கல், ஜோன் றொமானோ என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் இந்நிலையை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டனர். இருதயம் தன் வேலையைச் செய்ய வலுவிழப்பது போல, சிறுநீரகம் வலுவிழப்பது போல, மூளையும் வலுவிழப்பதுண்டு. சித்தத் தடுமாற்றம் என்பது அதுவே என்பது அவர்கள் கருத்து. அத்தகையோரின் மூளை மின்னலைகள் மந்தமடைவதை அவர்கள் முன்னரே கருவிகொண்டு பதிவு செய்திருந்தனர். ஆகவே இது பேயின் வேலையுமன்று; நோயாளியின் மனவுறுதிக் குறைவுமன்று. உடலின் வேறோர் இடத்தில் நிகழும் கேட்டினை மூளை அறிவிக்கும் அறிகுறியே இது.

முதுமையில் வரும் அறளையையும் இதனையும் ஒன்றெனக் கருதுதல் பெரும் பிழை. அறளை மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் மெல்ல வளர்வது. சித்தத் தடுமாற்றமோ சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தோன்றுவது. காலையில் தெளிந்து பேசியவர் மாலை மங்கியதும் குழம்புவார். நள்ளிரவில் குழப்பம் மிகும். விடியும்போது மீண்டும் தெளிவார். இந்த ஏற்ற இறக்கமே இந்நோயின் தனி இலக்கணம். அறளை உடையவருக்கு இத்தடுமாற்றம் எளிதில் வரும் என்பது உண்மையே. ஆயினும் இரண்டும் வெவ்வேறு.

இன்னொரு பிழையும் உண்டு. கூச்சலிடுபவரே குழம்பியவர் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் சித்தத் தடுமாற்றம் இருவகைத் தோற்றம் உடையது. ஒன்று, மேலே கூறிய முதியவரிடம் கண்ட கொந்தளிப்பு. மற்றது அடக்கம். அம்முதியவருக்கு அடுத்த கட்டிலில் வெள்ளவத்தையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் படுத்திருந்தார் எனக் கொள்வோம். மார்பிலே தோன்றிய புற்றுநோய் நுரையீரலுக்கும் பரவியவர். அவர் சத்தமிடவில்லை, எதையும் பிடுங்கவில்லை, கண்களை மூடியவாறு கிடந்தார், கேட்டால் ஓரிரு சொல்லில் விடையளித்தார். “நல்ல அமைதியான நோயாளி” என்று எல்லோரும் கருதினர். ஆனால் அவருக்கும் சித்தம் தடுமாறியே இருந்தது. அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இந்த அடங்கிய வகையே அதிகம். கவனிக்கப்படாமற் போவதும் இதுவே. இரு தோற்றமும் மாறி மாறி வருபவரும் உளர்.

அதிதீவிர சிகிச்சை என்னும் ஏற்பாடு உலகில் தோன்றி நெடுங்காலம் ஆகவில்லை. 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்கேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சுவிட இயலாத நோயாளிகளுக்கு மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, கையாற் பையை அழுத்திக் காற்றூட்டினர். அம்முறையை அங்கு புகுத்திய பியோன் இப்சன் என்னும் மருத்துவரின் முயற்சியிலிருந்தே இன்றைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவு வளர்ந்தது. நெடுங்காலம் அங்கு உயிரைக் காப்பதே பெரிதாக இருந்தது. நோயாளியை ஆழ்ந்த மயக்கத்தில் வைத்திருத்தலே இரக்கம் என்றும் கருதப்பட்டது. உயிர் பிழைத்தவரின் சித்தம் என்னவாயிற்று என்ற கேள்வி பின்னரே எழுந்தது.

எழுந்த கேள்விக்குக் கிடைத்த விடை கவலை தருவதாக இருந்தது. 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வண்டர்பில்ற் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், அதிதீவிர சிகிச்சை பெற்ற 821 நோயாளிகளுள் 74 வீதத்தினருக்குச் சித்தத் தடுமாற்றம் ஏற்பட்டது. தடுமாற்றம் எத்தனை நாள் நீடித்ததோ அத்தனைக்கு, ஓராண்டு கழிந்த பின்னரும் அவர்களின் நினைவாற்றலும் சிந்தனையும் குன்றியிருந்தன. ஆகவே “சிறிது பிதற்றினார், சரியாகிவிடும்” என்று விட்டுவிடத்தக்க சிறு தொல்லையன்று இது.

புற்றுநோயாளரைப் பற்றிய தனி ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் கனடாவின் எட்மன்ரன் நகரிலிருந்து வெளிவந்தது. முற்றிய புற்றுநோயுடன் ஆறுதற் சிகிச்சைக்கு வந்த 104 பேரை மருத்துவர் கவனித்தனர். வரும்போதே 42 வீதத்தினர் சித்தம் தடுமாறியிருந்தனர். அங்கு இறந்தவர்களுள் 88 வீதத்தினருக்கு இறுதி நாட்களில் அது இருந்தது. இவ்விரு எண்களையும் கேட்டு மனம் சோர்வது இயல்பு. ஆனால் மூன்றாவது எண் ஒன்றும் உண்டு. தோன்றிய தடுமாற்றங்களுள் ஏறத்தாழப் பாதி, அதாவது 49 வீதம், நீங்கின. முற்றிய நோயாளரிடமே இது நிகழ்ந்தது என்றால், நோய் முற்றாதவரிடம் நம்பிக்கை இன்னும் அதிகமன்றோ? அபேக்ஷா என்ற சொல்லின் பொருளே எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்பதுதானே.

எவை நீங்கின, எவை நீங்கவில்லை என்பதையும் அவ்வாய்வு கூறிற்று. மருந்துகளாலும் உடலில் நீர் குறைந்ததாலும் வந்தவை பெரும்பாலும் தீர்ந்தன. நுரையீரல் நோயால் மூளைக்கு ஒட்சிசன் குறைந்ததாலும், உறுப்புகள் செயலிழந்ததாலும் வந்தவை பெரும்பாலும் தீரவில்லை. எனவே முதற்கடமை காரணத்தைத் தேடுதல். நோயாளியைக் கட்டிலோடு கட்டுவதும், ஊசியால் உறங்க வைப்பதும் காரணத்தைத் தேடுதல் ஆகா.

முதலில் தடுமாற்றத்தைக் கண்டுபிடித்தல் வேண்டும். 1990ஆம் ஆண்டில் ஷாரன் இனூயி என்னும் பெண் மருத்துவர் எளிய முறையொன்றை வகுத்தார். 2001ஆம் ஆண்டில் வெஸ்லி ஈலியும் அவர் குழுவினரும், தொண்டையிற் குழாய் இருப்பதால் பேச இயலாதவருக்கும் ஏற்றவாறு அதனை அமைத்தனர். பார்க்க வேண்டியவை நான்கு. நிலை திடீரென மாறியதா, ஏறி இறங்குகின்றதா என்பது ஒன்று. கவனம் நிற்கின்றதா என்பது இரண்டு. எண்ணம் ஒழுங்காக ஓடுகின்றதா என்பது மூன்று. விழிப்பு வழக்கம்போல் உள்ளதா என்பது நான்கு. முதலிரண்டும் கெட்டு, எஞ்சிய இரண்டில் ஒன்றும் கெட்டிருப்பின் அது சித்தத் தடுமாற்றம்.

கவனத்தைச் சோதிக்கும் முறை மிக எளியது. தாதி நோயாளியின் கையைப் பற்றிக்கொண்டு பத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். குறித்த ஓர் எழுத்து வரும்போது மட்டும் நோயாளி கையை அழுத்துதல் வேண்டும். இரண்டுக்கு மேல் தவறினால் கவனம் குலைந்துள்ளது. எண்ணத்தைச் சோதிக்க, கல் நீரில் மிதக்குமா, கடலில் மீன் உண்டா என்பன போன்ற வினாக்கள் போதும். தலையசைத்தே விடை கூறலாம். இதற்கு இரண்டொரு நிமிடமே செல்லும். வெள்ளவத்தை மூதாட்டியை இவ்வாறு சோதித்திருந்தால், அவருடைய அமைதி அமைதியன்று என்பது முதல் நாளே வெளிப்பட்டிருக்கும்.

இங்கு மொழி என்பது பெருஞ் செய்தி. தமிழ் மட்டும் அறிந்த முதியவரிடம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வினவி, அவர் விழிப்பதைக் கண்டு சித்தம் கெட்டதென்று முடிவு செய்தல் தகாது. விடை வராமைக்கு மொழியே காரணம் என்று தடுமாற்றத்தைக் கவனியாது விடுதலும் தகாது. கடந்த நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் மானிப்பாயில் சமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்தார். நோயைத் தாய்மொழியிற் பேசும் தேவையை அவர் அன்றே உணர்ந்திருந்தார். தமிழ் தெரிந்த தாதி இல்லாதவிடத்துக் குடும்பத்தவர் ஒருவர் வினாவை மொழிபெயர்த்து உதவலாம். ஆனால் அன்பு மிகுதியால் விடையையும் தாமே சொல்லிக்கொடுத்தல் ஆகாது.

அடுத்தது காரணத் தேடல். புற்றுநோயாளரிடம் அவை பல. எலும்புக்குப் பரவிய நோயாலும் வேறு சில கட்டிகளாலும் இரத்தத்திற் கல்சியம் மிகுந்து சித்தத்தைக் குழப்பும். நரம்பு வழியாக நீரேற்றியும், எலும்பிலிருந்து கல்சியம் கசிவதைத் தடுக்கும் மருந்து கொடுத்தும் அதனைத் தணிக்கலாம். சிலவகை நுரையீரற் புற்றுநோயில் சோடியம் குறையும். அதனை மெதுவாகவே சீர்செய்தல் வேண்டும், விரைந்து சீர்செய்தல் மூளைக்குக் கேடு. புற்றுநோய் மருந்துகளால் வெண்குருதியணுக்கள் குறைந்த வேளையில் கிருமித்தொற்று பரவினால், சுரம் தோன்றுமுன்னரே பிதற்றல் தோன்றக்கூடும். கட்டி மூளைக்குப் பரவியிருக்கலாம். வெளிப்படையான வலிப்பில்லாத வலிப்பும் உண்டு. அதனை மூளை மின்னலைப் பதிவே காட்டும். ஈரலின் தளர்ச்சி, ஒட்சிசன் குறைவு, நெடுநாள் உண்ணாமையால் வரும் தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவு ஆகியனவும் காரணமாகும்.

மருந்துகளே காரணமாவதும் அடிக்கடி நிகழ்வது. வலியைத் தணிக்கும் மோபின், சிறுநீரகம் தளர்ந்தவிடத்து அதன் கழிவுகள் உடலிலேயே தங்க, சித்தத்தைக் கலக்கும். வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெதசோன் உறக்கத்தைக் கெடுக்கும். ஐபொஸ்பமைட் என்னும் புற்றுநோய் மருந்து சிலருக்கு மூளையை நேரே தாக்கும். ஆனால் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். மோபின் குழப்புகின்றது என்று கேட்டு உறவினர் அதனை முற்றாக நிறுத்தச் சொல்வதுண்டு. தணியாத வலியும் சித்தத்தைக் குலைக்கும். அளவைக் குறைப்பதும், வேறு வலி நிவாரணிக்கு மாற்றுவதும் மருத்துவர் கையாளும் வழிகள்.

மிகச் சிறிய காரணங்களும் உண்டு. மலச்சிக்கல், சிறுநீர்த் தேக்கம், காணாமற்போன மூக்குக்கண்ணாடி, மின்கலம் தீர்ந்த செவிக்கருவி என்பன அவை. மது அருந்திப் பழகியவர் திடீரென நிறுத்தியதாலும் கடுந்தடுமாற்றம் வரும். புகையிலையோடு வெற்றிலை போட்டுப் பழகியவர் அதனை விட்டதும் அமைதியிழப்பார். இப்பழக்கங்களை வெட்கத்தால் மறைத்தல் நோயாளிக்குத் தீங்கு. மருத்துவரிடம் உள்ளதை உள்ளவாறு சொல்லுதல் குடும்பத்தின் கடமை.

இனி, தடுமாற்றத்தைத் தணிக்கும் மருந்து எது என்று பலரும் கேட்பர். ஹலோபெரிடோல் என்னும் மருந்து நெடுங்காலம் இதற்கு வழங்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், அதிதீவிர சிகிச்சை பெற்றவர்களிடம் அம்மருந்து வெற்று மருந்தினும் தடுமாற்றத்தின் நாட்களைக் குறைக்கவில்லை. அவுஸ்திரேலியாவில் ஆறுதற் சிகிச்சை பெற்றோரிடம் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், அதனைப் பெற்றவர்களின் தொல்லை பெறாதவர்களினும் சற்று மிகுந்தே காணப்பட்டது. ஆகவே தனக்கோ பிறர்க்கோ ஆபத்து விளையும்போது, அல்லது அச்சமும் துன்பமும் தாங்கொணாதபோது, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு மட்டும் இதனை வழங்குதல் இன்றைய வழக்கம். உறக்கம் தரும் பென்சோடயசபைன் வகை மருந்துகள் தடுமாற்றத்தை வருவிக்கவும் கூடும். எனவே அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் அவற்றைத் தவிர்க்க முயல்வர். ஆயினும் மரணம் அணுகிய வேளையில் கொந்தளிப்புத் தணியாதபோது அவையும் இரக்கத்தின் கருவிகளாகும். ஒரே மருந்து ஒருவருக்கு ஆகாததும் மற்றொருவருக்கு ஆவதும் இவ்வாறே.

மருந்தினும் மிகுந்த பயன் தருவது பராமரிப்பு. 1999ஆம் ஆண்டில் ஷாரன் இனூயி வெளியிட்ட ஆய்வில், சாதாரண விடுதியிலிருந்த முதியோர் 852 பேர் இடம்பெற்றனர். உறக்கம், நடமாட்டம், நீர் அருந்துதல், கண்ணாடி, செவிக்கருவி, நாளும் இடமும் நினைவூட்டல் ஆகியவற்றைக் கவனித்த பகுதியில் 9.9 வீதத்தினருக்கும், கவனியாத பகுதியில் 15 வீதத்தினருக்கும் தடுமாற்றம் வந்தது. வந்த பின் நீக்குவதினும் வருமுன் காத்தலே எளிது என்பது இதனால் விளங்கும். அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலும் இதே நெறி பின்பற்றப்படுகின்றது. பகலில் ஒளி, இரவில் இருள். தேவையற்ற குழாய்களை விரைவில் அகற்றல். மயக்க மருந்தைக் குறைத்து நோயாளியை விழித்திருக்கச் செய்தல். இயலுமானவரை எழுப்பி உட்கார்த்துதல். கட்டுதலைத் தவிர்த்தல் என்பன அவை. கட்டப்பட்ட கை விடுபடவே போராடும். போராட்டம் அச்சத்தை வளர்க்கும்.

குடும்பத்தவருக்கும் இதில் இடமுண்டு. பார்வையாளர் நேரம் குறுகியதாக இருப்பினும் அதனை நன்கு பயன்படுத்தலாம். நோயாளி முன் நின்று, தம் பெயரையும் உறவையும் கூறி, இன்று என்ன கிழமை, இது எந்த இடம், ஏன் இங்கிருக்கின்றார் என்பதை மெல்லச் சொல்லலாம். கண்ணாடியை அணிவிக்கலாம். பழகிய படமொன்றை அருகில் வைக்கலாம். ஒரே வேளையில் பலர் பேசுதல் ஆகாது. “துரை வந்துவிட்டார்” என்பவரிடம் “இல்லை, பொய்” என்று வாதிடுதலும் ஆகாது. “வந்துவிட்டார்” என்று ஒப்புக்கொள்ளுதலும் ஆகாது. “அப்பா, இது ஆஸ்பத்திரி, நான் உங்கள் மகள், நான் பக்கத்தில் இருக்கின்றேன்” என்பதே போதும். பிரேசிலில் 2019இல் வெளிவந்த ஆய்வொன்று, பார்வையாளர் நேரத்தை நீட்டுவதால் மட்டும் தடுமாற்றம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்றது. ஆனால் குடும்பத்தவரின் கவலையும் மனச்சோர்வும் குறைந்தன. அதுவும் பயனே.

தெளிந்த பின்னர் நோயாளிக்கு எல்லாம் மறந்துவிடும் என்றும் எண்ணலாகாது. நியூயோர்க்கில் புற்றுநோயாளரிடம் நடந்து 2002இல் வெளிவந்த ஆய்வில், மீண்டவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தாம் பட்ட அனுபவத்தை நினைவுகூர்ந்தனர். “மகளைச் சாட்சி என்றேனே” என்று வெட்கி மௌனமாகிவிடுபவரும் உண்டு. அது நோயின் செயல், உங்கள் செயலன்று என்று எடுத்துச் சொல்லுதல் மருந்தின் பகுதியேயாகும்.

இனி நொத்தாரிசின் கதைக்கு வருவோம். இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுத்தற் கட்டளைச் சட்டப்படி, மரண சாசனம் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையிலோ, நொத்தாரிசு இல்லாதவிடத்து ஐந்து சாட்சிகள் முன்னிலையிலோ கையொப்பமிடப்படுதல் வேண்டும். ஆனால் சாட்சிகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. இட்டவர் தெளிந்த சித்தமுடையவராக இருத்தலும் வேண்டும். 1870ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நீதிமன்றமொன்று, பாங்ஸ் எதிர் குட்பெலோ என்ற வழக்கில் வகுத்த அளவுகோல் உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுவது. தாம் செய்வது மரண சாசனம் என்பதையும், தம் சொத்து எவ்வளவு என்பதையும், தம்மிடம் உரிமை கோரத்தக்கவர் யாவர் என்பதையும் அவர் உணர்ந்திருத்தல் வேண்டும் என்பது அது.

சித்தத் தடுமாற்றம் ஏறி இறங்குவது. ஆதலால் நள்ளிரவில் இயலாதவர் மறுநாட் காலையில் இயன்றவராக இருத்தலும் கூடும். அந்த வேளையைத் தேர்ந்து, மருத்துவர் அவர் நிலையைச் சோதித்துக் குறித்து வைத்த பின்னர், பயன்பெறும் பிள்ளைகள் வெளியே நிற்க, நொத்தாரிசு அவரிடமே வினவி எழுதுதல் தக்கது. குழம்பிய கையைப் பிடித்துப் பெருவிரல் அடையாளம் பதித்தல், பின்னாளில் அண்ணனையும் தங்கையையும் புதுக்கடைப் படிகளில் எதிரெதிரே நிறுத்தும். வைத்தியசாலையின் குறிப்பேடுகளும் அங்கு சான்றாகும். சத்திர சிகிச்சைக்கு உடன்படும் கையொப்பத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எல்லாவற்றினும் மேலானது, நோய் கண்டறியப்பட்ட நாட்களிலேயே, சித்தம் தெளிந்திருக்கும்போதே, தம் விருப்பம் யாது என்பதை நோயாளி குடும்பத்துக்குச் சொல்லி வைத்தல். அது அபசகுனமன்று, அன்பின் ஒழுங்கு.

கொட்டாஞ்சேனை முதியவரின் வினாவுக்கு விடை கிடைத்தது என்று கொள்வோம். கிருமித்தொற்று, தளர்ந்த சிறுநீரகத்தில் தங்கிய மோபின், கைப்பையில் மறந்து வைக்கப்பட்ட மூக்குக்கண்ணாடி என்னும் மூன்றும் சேர்ந்த காரணம். தொற்றுக்கு மருந்து தரப்பட்டது. வலி நிவாரணி மாற்றப்பட்டது. கண்ணாடி கண்ணுக்கு வந்தது. ஐந்தாம் நாட் காலை அவர் மகளைப் பெயர்சொல்லி அழைத்தார். உறுதியைப் பற்றிய பேச்சு அவர் வீடு திரும்பும்வரை ஒத்திவைக்கப்பட்டது.

வெள்ளவத்தை மூதாட்டிக்கு விடை வேறாக இருந்தது. அவருடைய நுரையீரல் தளர்ந்துவிட்டது. அதனைச் சீர்செய்யும் வழி இல்லை. மருத்துவர் அதனைக் குடும்பத்துக்கு வெளிப்படையாகக் கூறினர். இது இறுதி நாட்களின் தடுமாற்றம் என்று அறிந்ததும், மேலும் ஊசியும் சோதனையும் வேண்டாம் என்று அவர்கள் தெளிந்தனர். அமைதியான மூலையொன்றில், மூச்சுத் திணறலைத் தணிக்கும் மருந்தோடு, மகன் கையைப் பற்றியிருக்க அவர் இருந்தார். இடையில் ஒரு காலை சிறிது தெளிந்து, பேரப்பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்டார். அந்த வேளைக்கு அருகில் ஒருவர் இருந்தமையால் அக்கேள்வி வீண்போகவில்லை.

இரண்டு கட்டில்களிலும் முதலில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் யாது? அக்கேள்வியைக் கேட்கத் தாதியும் மருத்துவரும் இருக்கின்றனர். ஆனால் நேற்று இவர் இப்படி இல்லை என்பதை முதலில் அறிபவர் குடும்பத்தவரே. அதனைக் கண்டவுடன் தயங்காமற் சொல்லுதல், நோயாளிக்கு அவர்கள் செய்யக்கூடிய முதலுதவியாகும்.